மார்க் இல்லாத ரிப்போர்ட் கார்டு

"மார்க் இல்லை, ரேங்க் இல்லை; இதென்ன ரிப்போர்ட் கார்டு?" தலைநகரில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குக் குழந்தைகளை அனுப்பும் நம் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. ஊரிலிருந்து தாத்தா தொலைபேசியில், "பேத்தி எத்தனையாவது ரேங்க்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பரீட்சை இல்லையென்றால் படிப்பே இல்லை என்று பயந்து சிலர் டியூஷன் தேடுகிறார்கள். வேறு சிலரோ, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல. மாறியிருப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் வீண் பயமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்.

மாறியது என்ன?

2020 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஏற்ற தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிப் படிப்பை 5+3+3+4 என நான்கு கட்டங்களாகப் பிரித்தது. மூன்று ஆண்டு மழலையர் கல்வியும் 1, 2 ஆம் வகுப்புகளும் சேர்ந்தது அடித்தளக் கட்டம்; இது 3 வயது முதல் 8 வயது வரை. அடுத்து 3 முதல் 5 ஆம் வகுப்பு வரை ஆயத்தக் கட்டம். ஒன்றாம் வகுப்பில் சேர 6 வயது நிறைய வேண்டும் என்பதும் இதையொட்டி வந்ததுதான். கேந்திரிய வித்யாலயங்கள் 2022-23 இலேயே இதற்கு மாறின. தில்லி அரசு 2026-27 கல்வியாண்டு முதல் என்று அறிவித்தது.

அடித்தளக் கட்டத்துக்கான தேசியப் பாடத்திட்ட வரையறை 2022 அக்டோபரில் வெளிவந்தது. இந்த வயதில் தேர்வு வைத்து மதிப்பிடுவது பொருந்தாது. ஆசிரியர் குழந்தையைக் கவனித்தும், அது செய்யும் வேலைகளைப் பார்த்தும் மதிப்பிட வேண்டும் என்பது அதன் நிலை. இதற்கேற்ப என்.சி.இ.ஆர்.டி.யின் புதிய நூல்கள் 1, 2 ஆம் வகுப்புகளுக்கு 2023 இலும், 3 ஆம் வகுப்புக்கு 2024 இலும், 4, 5 ஆம் வகுப்புகளுக்கு 2025 இலும் வந்தன. 'மிருதங்', 'சாரங்கி', 'சந்தூர்', 'வீணா' என்று மொழி நூல்களுக்கு வாத்தியங்களின் பெயர்களைச் சூட்டியிருப்பது நமக்குப் பிடிக்கும்!

அளவுகோல் உண்டு

மார்க் இல்லையே தவிர அளவுகோல் இல்லாமலில்லை. 2021 ஜூலை 5 அன்று தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டம் வகுப்புவாரியாக இலக்குகளைச் சொல்கிறது. அவற்றில் முக்கியமானவை:

ஒன்றாம் வகுப்பு முடிவில்: நான்கைந்து எளிய சொற்கள் கொண்ட, முன்பு பார்த்திராத வாக்கியங்களைப் படிக்க வேண்டும்; 99 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும்; எளிய கூட்டல், கழித்தல் தெரிய வேண்டும்.

இரண்டாம் வகுப்பு முடிவில்: நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் பொருள் புரிந்து படிக்க வேண்டும், 999 வரை எண்கள் தெரிய வேண்டும்.

மூன்றாம் வகுப்பு முடிவில்: நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள், 9999 வரை எண்கள், எளிய பெருக்கல் கணக்குகள்.

கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தையை விரட்ட வேண்டாம். 'பொருள் புரிந்து' என்பதே இங்கு முக்கியம். பாடப் புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தையிடம் புதிய கதைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். உண்மை நிலை விளங்கிவிடும்.

ஐந்தாம் வகுப்பு வாசல்

எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்துவதில்லை என்று 2010 இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் சொன்னது. 2019 திருத்தம் இதை மாற்றி, முடிவை அரசுகளிடம் விட்டது. மத்திய அரசு 2024 டிசம்பரில் விதிகளை வெளியிட்டது; அவை கேந்திரிய வித்யாலயம் போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு உரியவை. தில்லியிலும் 2023-24 முதல் 5, 8 ஆம் வகுப்புகளில் இத்தகைய தேர்வு வந்தது. தேறாத குழந்தைக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு உண்டு. அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் மீண்டும் படிக்க வேண்டும்; பள்ளியை விட்டு நீக்க முடியாது. ஊருக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் கவனிக்க: தமிழ்நாடு அரசு தன் பள்ளிகளில் எட்டாம் வகுப்புவரை அனைவரும் தேர்ச்சி என்ற முறை தொடரும் என்று அப்போதே அறிவித்தது.

ஆகவே, இரண்டாம் வகுப்புவரை பரீட்சை பயமின்றி வளரும் குழந்தை, ஐந்தாம் வகுப்பில் திடீரென்று ஒரு வாசலில் நிற்கிறது. மூன்றாம் வகுப்பில் வாசிப்பு தடுமாறினால் கணக்கும் சுற்றுச்சூழல் பாடமும் சேர்ந்தே தடுமாறும். கேள்வியைப் படித்தால்தானே விடை எழுத முடியும்! குறையை ஏழு வயதில் கண்டால் எளிதில் சரிசெய்யலாம். பத்து வயதில் கண்டால் குழந்தையின் தன்னம்பிக்கையும் சேர்ந்து அடிபடும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

புதிய முழுமை முன்னேற்ற அட்டையில் ஆசிரியர், குழந்தை, உடன்படிக்கும் குழந்தை, பெற்றோர் ஆகிய நால்வரின் கருத்துக்கும் இடம் உண்டு. உங்கள் பகுதியை வெறுமனே விட்டுக் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். குழந்தை வீட்டில் எதைப் படிக்கிறது, எங்கே திணறுகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

இங்கிலீஷ் வர வேண்டுமென்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். இயன்றவரை தாய்மொழியில் தொடங்க வேண்டும் என்றே புதிய கொள்கையும் சொல்கிறது. பள்ளியில் அதற்கு வாய்ப்பில்லாத குழந்தைக்கு வீடுதான் தமிழ் வகுப்பு. தமிழில் கதை கேட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று யோசிக்கப் பழகிய குழந்தைக்கு அந்தப் பழக்கம் எந்த மொழிப் பாடத்திலும் உதவும். காய்கறிக்காரரிடம் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கச் சொல்வதும் கணக்குப் பாடமே.

அடுத்த பெற்றோர் சந்திப்பில், "எத்தனை மார்க்?" என்று கேட்க வேண்டாம். "என் குழந்தை புதிய பக்கத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்கிறதா? எந்த இடத்தில் உதவி தேவை?" என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்!