சாரல் ஊர்ல சமையலறை கேபினட்: அறுத்த ஓரத்தை அப்படியே விடாதீங்க

இன்னைக்கு எபிசோட் கோடிங் பத்தி இல்ல, பிளைவுட் பத்தி. காரணம் ஒரு ரப்பர் பேண்ட்.

தென்காசியில எங்க வீட்டு சமையலறை பழைய மாடல். மேலே கிரானைட் மேடை, கீழே செங்கல் தடுப்பு, முன்னாடி துணித் திரை. அந்தத் திரையை எடுத்துட்டு நானே கேபினட் செஞ்சு மாட்டினேன். ஏப்ரல்ல முடிச்சப்ப பார்க்க அவ்வளவு அழகா இருந்தது. ஜூன்ல குற்றாலம் சீசன் தொடங்குச்சு, நான் வேலைக்காக சென்னை போயிட்டேன். ஆகஸ்ட்ல திரும்பி வந்து பார்த்தா, சிங்க்குக்குக் கீழ இருந்த ரெண்டு கதவோட கைப்பிடியையும் சேர்த்து அம்மா ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்காங்க. கதவு மூட மாட்டேங்குது. போன்ல ஒரு வார்த்தை சொல்லல. "நீ கஷ்டப்பட்டு செஞ்சது, எப்படிச் சொல்ல?"ன்னாங்க.

தெரிஞ்ச ஆசாரி அண்ணாச்சி ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிஞ்சு அடிப்பலகையைத் தடவிப் பார்த்துட்டு, "தம்பி, நல்லாத்தான் அறுத்திருக்க. ஓரத்தை யாருக்கு விட்டுவச்ச?"ன்னு கேட்டார். இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

தண்ணி எங்கே நுழையுது?

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில மோதி கேரளா பக்கம் கொட்டுது. செங்கோட்டைக் கணவாய் வழியா அந்தக் காற்றும் சாரலும் நம்ம பக்கம் வருது. குளிக்கப் போறவங்களுக்கு அது சொர்க்கம். மரத்துக்கு அது மாசக்கணக்குல ஈரக்காற்று.

மரம் வைக்கோல் கட்டு மாதிரி, நீளமான நுண்குழாய்களோட கட்டு. அறுத்த முனையில அந்தக் குழாய்கள் வாய் திறந்து இருக்கும், ஈரம் சுலபமா உள்ளே போகும். பிளைவுட்ல அடுக்குகளை மாத்தி மாத்திக் குறுக்கே ஒட்டியிருக்கறதால நீள, அகலம் பெருசா மாறாது. ஆனா தடிமன் உப்பும். பார்ட்டிக்கிள் போர்டு இன்னும் மோசம். அழுத்தின மரத்துகள் ஒருமுறை உப்பினா பழையபடி அடங்காது, ஸ்க்ரூவும் பிடி விட்டுடும்.

நான் என்ன பண்ணியிருந்தேன்? காசு மிச்சம் பிடிக்க, பழைய கம்ப்யூட்டர் டேபிள் பலகையை சிங்க்குக்கு அடியில அறுத்துப் போட்டிருந்தேன். அது பார்ட்டிக்கிள் போர்டு. உப்பி, ஸ்க்ரூ தளர்ந்து, பக்கப்பலகை சாய்ஞ்சு, கதவு மாட்டிக்கிச்சு.

"மரைன் பிளைவுட் வாங்கினா போதுமே?"ன்னு கேப்பீங்க. வாங்குங்க, பலகையில ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாருங்க. ஆனா அந்தத் தரத்தோட முக்கியமான உறுதி, கொதிநீர்லயும் பசை விட்டு அடுக்கு பிரியாதுங்கறதுதான். மரம் தண்ணியே குடிக்காதுன்னு அர்த்தம் இல்ல. அதனால மரைனுக்கும் ஓரத்தை மூடணும்.

அளவு: சுவரை நம்பாதீங்க

எந்த வீட்டுச் சுவரும் நேர் இல்ல. தடுப்புக்கு நடுவுல அகலத்தை மேலே, நடுவுல, கீழே மூணு இடத்துல அளங்க. எங்க வீட்ல 604, 601, 598 மில்லிமீட்டர் வந்தது. சின்ன அளவான 598-ல இருந்து 4 கழிச்சா பெட்டியோட வெளி அகலம் 594. ரெண்டு பக்கப்பலகையும் 18 மி.மீ., ஆக 36 போக அடிப்பலகை 558. சுவரோரம் வர்ற இடைவெளியை ஒரு ஒடுக்கமான பட்டையால மூடிடலாம். சுவர் கோணலுக்காகப் பெட்டியைக் கோணலாக்காதீங்க. பூட்டினதும் ரெண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் கதவு நேரா உட்காரும்.

அடுத்தது பிளேடு தின்னுற அளவு. 1220 மி.மீ. அகலப் பலகையில 305 வீதம் நாலு துண்டுன்னு பேப்பர்ல கணக்கு சரியா வரும். ஒவ்வொரு வெட்டும் 3 மி.மீ. தின்னா, மூணு வெட்டுல 9 போயிடும். கடைசித் துண்டு 296. நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, லூப்ல வர்ற ஆஃப்-பை-ஒன் எரர். அதனால எல்லாக் கோட்டையும் முதல்லயே போடாம, ஒண்ணு வெட்டிட்டு அடுத்ததை அளங்க.

வெட்டு: நல்ல முகம் எந்தப் பக்கம்?

பெரிய நீள வெட்டுகளை, பிளைவுட் கடையில பேனல் சா இருந்தா அங்கேயே கொடுத்துடுங்க. மிச்சத்துக்கு வீட்ல கையில பிடிக்கற சர்க்குலர் சா போதும். அதோட பல் கீழ இருந்து மேலே ஏறி வெட்டும், அதனால மேல் முகத்துலதான் லேமினேட் பிசிறு தட்டும். நல்ல முகத்தைக் கீழே வச்சு வெட்டுங்க. ஜிக்சாவுக்கும் இதேதான். கை ரம்பம்னா தலைகீழ், நல்ல முகம் மேலே இருக்கணும். கோட்டு மேல மாஸ்கிங் டேப் ஒட்டி, கத்தியால ஒருமுறை கீறிட்டு வெட்டினா இன்னும் சுத்தமா வரும். நேர்கோட்டுக்கு அலுமினியப் பட்டையை கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டியே மெஷினை ஓட்டுங்க.

கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். பிளேடு மாத்தும்போது பிளக்கைப் பிடுங்கிடுங்க. கிரைண்டர்ல மர பிளேடு மாட்டி வெட்டவே வெட்டாதீங்க. மாட்டினா துள்ளி வந்து கையைக் கிழிச்சிடும்.

ஓரம்: பார்க்காத இடத்துக்குத்தான் முதல் மரியாதை

கண்ணுக்குத் தெரியற ஓரத்துக்கு எட்ஜ் பேண்ட். அதோட தடிமனை வெட்டற அளவுல கழிச்சுக்கோங்க. 400 மி.மீ. கதவுக்கு ரெண்டு பக்கமும் 2 மி.மீ. பேண்டுன்னா, பலகை 396.

கண்ணுக்குத் தெரியாத ஓரம்தான் நான் தோத்த இடம். அடி ஓரம், பின் ஓரம், பைப் துளை எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, எனாமல் ரெண்டு கோட் கொடுங்க. பைப் துளை காய்ஞ்சதும் இடைவெளியை சிலிக்கான் வச்சு அடைங்க. பெட்டியைத் தரையில உட்கார வைக்காதீங்க. 100 மி.மீ. பிவிசி கால் மாட்டுங்க. வீடு கழுவுற தண்ணி பலகையைத் தொடாது.

சிங்க் பகுதியை மட்டும் பிரிச்சு மறுபடி செஞ்சேன். ஓரம் மூட மட்டும் ஒரு முழு ஞாயிறு போச்சு. வெட்டினதைவிட அதிக நேரம். அடுத்த சீசன் முழுக்க அம்மாவுக்கு தினமும் போன் போட்டு "கதவு மூடுதா?"ன்னு கேட்டேன். மூடுச்சு. அந்த ரப்பர் பேண்ட் இப்போ அப்பளப் பாக்கெட்ல இருக்கு.

நீங்க ஏற்கனவே கேபினட் செஞ்சு மாட்டியிருந்தா, இன்னைக்கு சிங்க்குக்குக் கீழ டார்ச் அடிச்சு அடி ஓரத்தைத் தடவிப் பாருங்க. இன்னும் உப்பலைன்னா, ஒரு டப்பா பெயிண்ட்ல வேலை முடிஞ்சிடும். அடுத்த எபிசோட்ல கதவு, கீல் பத்திப் பேசலாம். வரட்டா?