2,14,74,83,647: ஒரு பகா எண்ணும் ஒரு காலக்கெடுவும்

முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையில் 1-ஐக் கழித்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 கிடைக்கும். பார்வைக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றும் இவ்வெண் கணிதத்தில் ஒரு சிறப்பையும், கணிப்பொறித் துறையில் ஓர் எல்லையையும் குறிக்கிறது. அவ்வெல்லை அலுவலக ஆவணங்களையும் தொடுவதால், இதன் இயல்புகளை மாணவரும் அலுவலரும் அறிந்திருத்தல் நலம்.

ஆய்லர் தந்த சான்று

1-ஆலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் வெளியிட்ட பகா எண் பட்டியலில் இவ்வெண் இடம்பெற்றது. ஆனால் அப்பட்டியலில் இருந்த சில எண்கள் பகா எண்கள் அல்ல என்பது பின்னர் நிறுவப்பட்டது. ஆகவே, கூற்று மட்டும் போதாது, சான்று வேண்டும். அதனை 1772-இல் அளித்தவர், கண்பார்வையை ஏறத்தாழ முற்றிலும் இழந்திருந்த ஆய்லர்.

ஓர் எண் பகு எண்ணாயின், அதன் வர்க்கமூலத்தை மிகாத பகாக் காரணி ஒன்றேனும் அதற்கு இருந்தே தீரும். இவ்வெண்ணின் வர்க்கமூலம் 46,341-க்குச் சற்றுக் குறைவு. அதற்குட்பட்ட பகா எண்கள் 4,700-க்கும் அதிகம். ஆயினும், இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி இருப்பின், அதனை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகவே அமைய வேண்டும் என ஆய்லர் கண்டார். அத்தகைய பகா எண்கள் நூற்றுக்கும் குறைவே. அவற்றுள் எதுவும் இதனை மீதியின்றி வகுக்கவில்லை, சான்று முற்றுப்பெற்றது.

எல்லையாக அமைந்த காரணம்

0, 1 என்னும் இரு குறிகளை மட்டும் கொண்ட இரும முறையில் இவ்வெண் தொடர்ச்சியாக முப்பத்தொரு 1-களாக எழுதப்படும். நான்கு இலக்கங்களில் 9999 எவ்வாறு இறுதி எண்ணோ, அவ்வாறே 31 இரும இலக்கங்களில் இதுவே இறுதி எண். 32 பிட் கொண்ட இடத்தில் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கப்பட்டால், எஞ்சிய 31 பிட்டுகளில் இதனினும் பெரிய எண்ணைப் பதிய இயலாது.

பல கணிப்பொறி அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை எண்ணியே காலத்தைக் கணிக்கின்றன. 32 பிட் முறையில் இக்கணக்கு 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு நிறைவெய்தும். அடுத்த விநாடியில் எண் எதிர்க்குறி பெற, தேதி 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடக்கூடும்.

இன்றைய கடமை

இத்தீங்கு 2038 வரை காத்திராது. இருபதாண்டுத் தவணைக் கடன், காப்புறுதி, குத்தகை ஆகியவற்றின் முதிர்வு நாட்கள் இப்போதே அவ்வெல்லையைக் கடக்கின்றன. 64 பிட் முறையில் காலக் கணக்கு ஏறத்தாழ 29,000 கோடி ஆண்டுகளுக்குப் போதுமானது. எனினும் புதிய கணிப்பொறி வாங்குவதால் மட்டும் குறை தீராது; பழைய நிரல்களும், சேமித்த பதிவுகளின் அமைப்பும், கருவிகளுள் பொருத்தப்பட்ட சில்லுகளும் ஆராயப்பட வேண்டும். பதிவேடுகளின் நகலில் 2038-க்குப் பிந்தைய தேதியை இட்டுச் சோதிப்பது இப்பணியின் எளிய முதற்படியாகும்.