பரிசுத் துணிக்குக் கையால் அச்சிட்ட உறைத்தாள்

தறியில் பல நாள் உழைத்து நெய்யப்படும் சேலை, வாங்குவோரின் கையை அடையும் கடைசி நேரத்தில் எத்தகைய உறைக்குள் போகிறது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றினால் அதன் மை வெள்ளைத் துணியில் படிகிறது. பளபளக்கும் பிளாஸ்டிக் உறையோ உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது. மேலும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள் முதலியன தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. ஆகவே, திருமணத்துக்கும் தீபாவளிக்கும் பரிசாகச் செல்லும் துணிக்கு நாமே வீட்டில் அச்சிட்ட தாளை உறையாக்கும் முறையை இங்கே விளக்குகிறோம். இதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. நெசவாளர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் உள்ள பொருள்களே போதும்.

தாளும் அளவும்

கடைகளில் கிடைக்கும் பழுப்புத் தாள் இதற்கு ஏற்றது. பெரும்பாலும் அதன் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும். சொரசொரப்பான பக்கத்தில் வண்ணம் நன்கு பிடிக்கும். வழுவழுப்பான பக்கம் துணியை ஒட்டி உள்ளே இருக்கட்டும்.

தாளை வெட்டுமுன் அளவு பார்த்தல் அவசியம். மடித்த சேலை 14 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உடையதெனக் கொள்வோம். அதைச் சுற்றிவர 22 அங்குலம். மேலே படிவதற்கு 1 அங்குலம். ஆக 23 அங்குலம். மற்றொரு பக்கத்துக்கு 14 அங்குலத்தோடு, இரு முனைகளையும் மடிக்க 2 அங்குலம் சேர்த்து 16 அங்குலம். 20-க்கு 30 அங்குலத் தாள் ஒன்றில் இந்த உறை அடங்கும். மிஞ்சும் துண்டுகளை விலைச் சீட்டுக்குப் பயன்படுத்தலாம்.

அச்சுகள்

உழவர் வீட்டில் அச்சுகள் தோட்டத்திலேயே விளைகின்றன. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் விண்மீன் வடிவம் கிடைக்கும். வாழை மட்டையின் குறுக்கு வெட்டு வலைபோன்ற கண்ணறைகளைக் காட்டும். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, வேண்டிய உருவத்தைச் சுற்றிக் கால் அங்குல ஆழத்துக்குச் செதுக்கி எடுத்தால் மாங்காயோ தாழம்பூவோ அமையும். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி ஈரத்தை நீக்கிய பின்னரே வண்ணத்தில் தோய்க்க வேண்டும். இல்லாவிடில் அச்சு கலங்கும். இவ்வச்சுகள் ஒரு நாளைக்கு மேல் தாங்கா.

நெசவாளர் வீட்டிலோ கழிவு நூல் உண்டு. கைக்கடக்கமான மரக்கட்டையின் மீது தடித்த நூலை நெருக்கமாகவும் இடைவெளி விட்டும் சுற்றி முடிந்தால், கோடுகளும் கட்டங்களும் பதியும் அச்சு ஆயத்தம். பழைய சைக்கிள் டியூபை உருவமாக வெட்டிக் கட்டையில் ஒட்டினால் அவ்வச்சு நெடுநாள் உழைக்கும்.

வண்ணக் குழம்பு

பாவுக்குக் கஞ்சி போடும் கைகளுக்கு இது புதிதன்று. ஒரு பங்கு மைதாவை எட்டுப் பங்கு நீரில் கட்டியின்றிக் கரைத்து, கெட்டியாகும் வரை காய்ச்சி, ஆறிய பின் காவித்தூள் அல்லது வேறு வண்ணத் தூளைச் சேர்த்துக் குழைக்க வேண்டும். கரைத்த வேலம் பிசின் சிறிது சேர்த்தால் தூள் உதிராது. அன்றன்றைக்கு வேண்டிய அளவே காய்ச்சுக. மஞ்சளும் பீட்ரூட்டும் அழகிய நிறம் தரும் எனினும், அவை ஈரம் பட்டால் கரைந்து துணியைக் கறைப்படுத்தும். மஞ்சள் வெயிலில் வெளுத்தும் போகும். துணி உறைக்கு அவற்றைத் தவிர்த்தலே நலம்.

அச்சிடும் முறை

தட்டில் மடித்த துணியை விரித்து, அதில் குழம்பை ஊறவிட்டு, அச்சை அதன்மேல் ஒற்றி எடுக்க வேண்டும். குழம்பில் நேரே தோய்த்தால் வண்ணம் ஓரங்களில் வழியும். தாளின் இரு விளிம்புகளிலும் மூன்று அங்குலத்துக்கு ஒரு புள்ளியிட்டு, புள்ளிக்குப் புள்ளி நூலை இழுத்துப் பிடித்தால் வரிசை பிறழாது. நடு வரிசையில் தொடங்கி இருபுறமும் செல்க. ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் அச்சை அரை இடம் தள்ளி வைத்தால் சேலையின் புட்டாப்போல் அமையும். முதல் அச்சைப் பழைய தாளில் சோதித்துப் பார்ப்பது நலம். முடிந்த தாள்களை நிழலில் கொடியிலிட்டு உலர்த்தி, பலகையின் கீழ் அடுக்கினால் சுருக்கம் நீங்கும்.

உலர்ந்த பின் ஒரு சோதனை கட்டாயம். வெள்ளைத் துணியால் அச்சின் மேல் அழுத்தித் தேய்க்க வேண்டும். பின்னர் சற்று நனைத்த துணியாலும் தேய்க்க வேண்டும். உலர்ந்த துணியில் நிறம் ஏறினால் அத்தாளை ஒதுக்கிவிடுக. நனைந்த துணியில் மட்டும் சிறிது ஏறினால், துணிக்கும் உறைக்கும் இடையே வெள்ளை மெல்லிய தாள் ஒன்றை வைத்துக் கட்டுக. அழகுக்காக இட்ட உறை சேலையைக் கெடுத்தால், இழப்பு ஒரு தாளோடு நில்லாது. வாங்கியவரின் நம்பிக்கையும் போய்விடும். கஞ்சி கலந்த தாளைக் கரப்பானும் பூச்சிகளும் நாடுமாதலால், ஒரு பருவத்துக்கு வேண்டியதை மட்டும் அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சீட்டும் கூலியும்

உறையோடு சிறு சீட்டு ஒன்றையும் கட்டலாம். இதற்குக் கைக்காகிதம் பொருத்தமானது. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934-ல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வாயிலாக வளர்க்க முயன்ற கைத்தொழில்களுள் கைக்காகிதமும் ஒன்று. துணிக் கழிவிலிருந்தும் அக்காகிதம் செய்யப்படுகிறது. சீட்டில் நூலின் வகை, நெய்த ஊர், துவைக்கும் முறை ஆகிய மூன்றையும் எழுதினால் போதும். உண்மையில் கைத்தறியில் நெய்த துணிக்கு மட்டுமே அவ்வாறு எழுத வேண்டும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

கணக்கைப் பற்றியும் ஒரு சொல். தாள், வண்ணம் ஆகியவற்றின் விலையை மட்டும் கூட்டி உறைக்கு விலை வைப்பது பிழை. ஒரு மணி நேரத்தில் எத்தனை தாள் முடிகிறது என்று குறித்து, அந்த நேரத்துக்குரிய கூலியையும் சேர்க்க வேண்டும். வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள் என்பதற்காக அவர்கள் உழைப்பு விலையற்றதாகிவிடாது. அக்கூலி அவர்கள் பெயரிலேயே சங்கக் கணக்கில் ஏறவேண்டும். முதலில் பத்துத் தாள் அச்சிட்டுச் சங்க விற்பனை நிலையத்தில் வைத்துப் பார்ப்போம். வாங்குவோர் விரும்பினால் அளவைப் பெருக்குவோம்.