தசையும் டப்பாவும்: புரோட்டீன் பவுடர் வாங்குவோர் அறிய வேண்டியவை

ஹாரி குரோ பக் என்பவர் 1920-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கி, இன்று நந்தனத்தில் விசாலமான மைதானங்களோடு நிலைபெற்றிருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை அறிந்தவர்களுக்கு, தேகப்பயிற்சி இந்த நகரத்துக்குப் புதிய விஷயமன்று என்பது தெரியும். ஆயினும், பளு தூக்கிச் சரீரத்தை வலுப்படுத்தும் ஆசை பயில்வான்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்த காலம் போய், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் ஆபீஸ் வேலை முடித்து வரும் இளைஞர்களும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார்களும் ஜிம்முக்குச் செல்லும் வழக்கம் பரவியிருப்பது, சந்தேகமின்றி ஒரு நல்ல மாறுதல். அந்த மாறுதலைத் தொடர்ந்து வந்து சேர்ந்திருப்பதுதான் புரோட்டீன் பவுடர் வியாபாரம். ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, “பவுடர் எடுக்காமல் மஸில் ஏறாது” என்று ஒரு கோச் சொல்லக் கேட்டு, மாதச் சம்பளத்தில் கணிசமான ஒரு பகுதியை டப்பாவுக்குச் செலவிடும் இளைஞர்கள் அநேகர். அந்த வாக்கு எவ்வளவு தூரம் உண்மை, டப்பாவுக்குள் இருக்கக்கூடிய அபாயங்கள் எவை, ஏமாற்றப்பட்டால் சட்டம் என்ன பரிகாரம் அளிக்கிறது என்ற மூன்றையும் வாங்குகிறவர் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

விஞ்ஞானம் சொல்வது

1918-ஆம் ஆண்டில் நம் நீலகிரியின் குன்னூரில், ராபர்ட் மக்காரிஸன் என்ற மருத்துவரின் தலைமையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காகச் சிறிய அளவில் ஆரம்பிக்கப்பட்டு, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்ட ஆராய்ச்சி நிலையமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்த நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2024 மே மாதத்தில் வெளியிட்ட, 17 நெறிகள் அடங்கிய உணவு வழிகாட்டி, இவ்விஷயத்தில் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது. ஆரோக்கியமான வயதுவந்தோர் நீண்ட காலம் பளுப்பயிற்சி செய்யும்போது, அதனோடு புரதத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்வதால் தசையின் பருமனிலும் வலிமையிலும் உண்டாகும் அதிகப்படியான வளர்ச்சி சொற்பமே. நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.6 கிராமுக்கு மேல் உண்ணும் புரதத்தால் அவ்வளர்ச்சி மேலும் கூடுவதில்லை; சர்க்கரையும் செயற்கை இனிப்பும் வாசனைப் பொருள்களும் சேர்ந்திருக்கக்கூடிய புரதப் பவுடர்களை வாடிக்கையாக உட்கொள்வது உசிதமன்று என்பவை அதன் முடிவுகள்.

அந்த 1.6 கிராம் என்ற எல்லை, 2018-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வெளியான ஆய்விலிருந்து பிரசித்தி பெற்றது. 49 பரிசோதனைகளையும், அவற்றில் கலந்துகொண்ட 1,863 பேரையும் ஒருங்கே வைத்துக் கணக்கிட்ட அந்த ஆய்வில், புரதம் கூடுதலாக உண்டவர்களுக்கு, உண்ணாமல் அதே பயிற்சியைச் செய்தவர்களைவிடக் கொழுப்பற்ற உடல் எடை சராசரியாக 300 கிராம் அளவே அதிகமாக ஏறியிருந்தது. வளர்ச்சியின் பெரும்பகுதியைத் தந்தது பயிற்சியே. சிறிது சிறிதாகக் கூட்டப்படும் பளுவைத் தாங்க நேரும்போது தசைநார்கள் புதிய புரதத்தைக் கட்டத் தொடங்குகின்றன. அந்த வேலை பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் நீடிக்கிறது. ஆகையால், பயிற்சி முடிந்த அரைமணி நேரத்துக்குள் பவுடரைக் குடிக்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று சொல்லப்படுவதற்கு ஆதாரமில்லை.

வீட்டு உணவின் கணக்கு

சாதாரண வாழ்க்கை நடத்தும் வயதுவந்தவருக்கு உடல் எடையின் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிர்ணயம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம். தீவிரமாகப் பளு தூக்குகிறவராயின், மேலே சொன்ன உச்ச வரம்பு 96 கிராம். முட்டையும் மீனும் தொடாத மயிலாப்பூர்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவன், அரை லிட்டர் பாலில் 16 கிராமும், 60 கிராம் துவரம்பருப்பில் 13 கிராமும், 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கி உண்பதில் சுமார் 10 கிராமும், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராமும், 200 கிராம் தயிரில் 6 கிராமும், நாள் முழுதும் உண்ணும் சோறு, இட்லி, சப்பாத்தி ஆகியவற்றுக்கான 300 கிராம் தானியத்தில் சுமார் 22 கிராமும் பெற்றுவிடுகிறான். இதோடு 25 கிராம் மீல்மேக்கரைக் குழம்பில் சேர்த்தால், மொத்தம் ஏறக்குறைய 87 கிராம் ஆகிவிடுகிறது. முட்டையோ மீனோ கோழியோ உண்கிறவருக்கு இந்தக் கணக்கு இன்னும் சுலபம். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைந்திருக்கிறது. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது. ஆகவே தானியமும் பருப்பும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேரும்போது புரதத்தின் தரம் உயர்கிறது.

இந்தக் கணக்கு நம் வீடுகளில் தானாக நிறைவேறிவிடுவதுமில்லை. தட்டு நிறையச் சோறும், அதன் மேல் பருப்பைத் தேட வேண்டிய நீர்த்த சாம்பாரும் உண்கிறவருக்குப் புரதக் குறைவு நேருவது உண்மையே. அதற்கு முதற்பரிகாரம் சாம்பாரைக் கெட்டியாக்குவதாகும். நேரமின்மையாலோ, பசியின்மையாலோ, மருத்துவர் சொன்ன காரணத்தாலோ பவுடர் தேவைப்படுகிறவர்களும் உண்டு. பாலைத் திரித்தெடுத்த நீரிலிருந்து கிடைக்கும் வே புரோட்டீன் தரமான புரதமே; அதை வாங்குவது தவறில்லை. ஆனால் வாங்குகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும்.

டப்பாவுக்குள் உள்ள அபாயங்கள்

கேரளத்து மருத்துவர்கள் முன்னின்று நடத்தி, 2024-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், இந்தியச் சந்தையில் விற்கப்படும் 36 புரதப் பவுடர்கள் பரிசோதிக்கப்பட்டன. சுமார் 70 சதவீதப் பொருள்களில் லேபிளில் சொல்லிய புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் சொல்லியதில் பாதியே இருந்தது. சுமார் 14 சதவீதத்தில் பூஞ்சைக் காளானால் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சும், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லியின் எச்சமும் காணப்பட்டன. புரத அளவைக் கூட்டிக் காட்டுவதற்கு ஒரு தந்திரமும் உண்டு. ஆய்வுக்கூடங்களில் புரதத்தை நேராக அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கியே புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆதலால் கிளைசின், டாரின் போன்ற மலிவான நைட்ரஜன் பொருள்களைக் கலந்துவிட்டால், தசைக்கு உதவாத தூளும் காகிதத்தில் சிறந்த புரதமாகத் தோன்றும். 2008-இல் சீனத்தில் குழந்தைகளுக்கான பால் பவுடரில் மெலமைன் கலந்து பெருந்தீங்கு விளைத்த மோசடியும் இந்த அளவுமுறையை ஏமாற்றச் செய்யப்பட்டதே.

இதனினும் கொடியது, லேபிளில் சொல்லாமல் சேர்க்கப்படும் ஸ்டீராய்டு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் ஆதரவில் ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வுக்கூடம் 13 நாடுகளிலிருந்து வாங்கிச் சோதித்த 634 ஊட்டப் பொருள்களில், 94-இல் லேபிளில் குறிப்பிடாத ஹார்மோன் சார்ந்த பொருள்கள் இருந்தன. அவை ஆண்மைக் குறைவையும், ஈரல் பழுதையும், இருதயத் தசை தடிப்பதையும் விளைக்கக்கூடியவை. போட்டிகளில் கலந்துகொள்ளும் வீரருக்கோ, “எனக்குத் தெரியாமல் பவுடரில் கலந்திருந்தது” என்ற சமாதானம் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டிலிருந்து தானாக விடுதலை தருவதில்லை. பவுடரோடு “ஒரு ஊசி போட்டுக்கொண்டால் சீக்கிரம் ஏறும்” என்று எவராவது சொன்னால், அந்த ஜிம்மை விட்டு அன்றைக்கே விலகிவிடுவது விவேகம். மருத்துவர் சீட்டின்றி விற்கவே கூடாத மருந்துகள் அந்த ஸ்டீராய்டு ஊசிகள்.

ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மிகுதியான புரதம் கேடு விளைக்கும். நீரிழிவும் ரத்த அழுத்தமும் சிறுநீரகத்தை ஓசையின்றிக் கெடுக்கக்கூடியவையாதலால், அவை உள்ளவர்களும், குடும்பத்தில் அந்நோய்கள் உள்ளவர்களும், பவுடரைத் தொடங்குமுன் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பரிசோதித்து மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம். கர்ப்பிணிகளும், வளரும் பருவத்துச் சிறுவர்களும் கோச் சொன்னார் என்பதற்காக மட்டும் இதை உட்கொள்ளலாகாது.

வாங்குகிறவரின் உரிமைகள்

புரதப் பவுடர் மருந்தன்று; சட்டத்தின் பார்வையில் அது உணவு. ஆகவே 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டமும், ஊட்டப் பொருள்களுக்காக அதன்கீழ் 2016-இல் பிறப்பிக்கப்பட்ட ஒழுங்குமுறைகளும் அதற்குப் பொருந்தும். அவ்வொழுங்குமுறைகளின்படி ஹார்மோனோ, ஸ்டீராய்டோ, மனத்தை மயக்கும் பொருளோ அதில் சேர்க்கப்படக் கூடாது. மருந்தாக உபயோகிப்பதற்கல்ல என்ற எச்சரிக்கையும், நாளொன்றுக்கு உட்கொள்ளத்தக்க அளவும் லேபிளில் இருக்க வேண்டும். 14 இலக்கங்கள் கொண்ட உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதிச் சரக்காயின் இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும் ஆகியவற்றைப் பணம் கொடுப்பதற்கு முன்பே வாசித்துப் பாருங்கள். இறக்குமதியாளர் பெயரில்லாத வெளிநாட்டு டப்பாவையும், முத்திரை கலைந்த டப்பாவையும், பாலிதீன் பையில் நிறுத்துத் தரும் தூளையும் எவ்வளவு மலிவாயினும் மறுத்துவிடுங்கள்.

பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகச் செயலாகும். எங்களிடமே பவுடர் வாங்கினால்தான் பயிற்சி தருவோம் என்று ஒரு ஜிம் நிபந்தனை விதிப்பதும், ஒன்றை வாங்க மற்றொன்றை வாங்கும்படி கட்டாயப்படுத்தும் கட்டுப்பாட்டு வணிகமாக அச்சட்டத்தால் கண்டிக்கப்படுகிறது. பாண்டி பஜாரில் ஒரு சட்டைக்குப் பில் கேட்டு வாங்கும் நாம், வயிற்றுக்குள் செல்லும் பொருளை ஜிம்மிலே வாங்கும்போது தாட்சண்யத்தால் பில் கேளாமல் இருப்பது, பிற்பாடு நம் வழக்குக்கு நாமே வேரறுப்பதாகும்.

பரிகாரம் தேடும் வழி

சந்தேகம் தோன்றினால் டப்பாவை எறிந்துவிடாதீர்கள். மீதித் தூளோடும், பில்லோடும், மருத்துவச் சீட்டுகளோடும் பத்திரப்படுத்துங்கள். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையரகத்துக்கு எழுத்து மூலமாகவோ, 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணிலோ புகார் செய்யலாம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடையில் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்ப அதிகாரம் பெற்றவர். வாங்குகிறவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆய்வுக்கு அனுப்பும் எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும். பொருள் சட்டத்துக்கு மாறானது என்று நிரூபணமானால் கட்டணம் திருப்பித் தரப்படும். பொய் லேபிளுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரையிலும், ஏமாற்று விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. உணவால் தேகத்துக்குத் தீங்கு நேர்ந்தால், கொடுங்காயத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் வரையிலும், மரணம் நேரிட்டால் ஐந்து லட்சத்துக்குக் குறையாமலும் நஷ்டஈடு பெற அச்சட்டத்தின் 65-ஆம் பிரிவு வழிவகுக்கிறது.

பணத்தைத் திரும்பப் பெறவும், நஷ்டஈடு கோரவும் வேறொரு மார்க்கமும் உண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அதனால் பயனில்லையாயின், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்யலாம். தொலைதூர ஊரிலிருக்கும் கம்பெனியிடம் இணையம் வழியாக வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே மனு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குட்பட்டதாயின் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை.

சட்டம் இத்தனை வசதிகளைச் செய்து வைத்திருந்தும், கேட்கிறவர் இல்லாவிட்டால் அவை ஏட்டோடு நின்றுவிடும். ஆகவே, பயிற்சியை விடாமல் செய்யும் இளைஞர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான்: தசையை வளர்ப்பவை உழைப்பும், உறக்கமும், வீட்டு உணவுமே; பவுடர் அவற்றுக்குச் சிறிய துணை மாத்திரமே. அத்துணை வேண்டுமென்று கருதினால், லேபிளை வாசித்து, பில்லைப் பெற்று, மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் புகார் செய்யுங்கள். உங்கள் ஒரு புகார், அதே டப்பாவை நாளை வாங்கவிருக்கும் இன்னொரு பிள்ளையின் ஈரலையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றக்கூடும்.