பாம்புக்கு வழி விடுவோம்: அன்றும் இன்றும்

செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிப்பாசன ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் பாம்பு அதிசயப் பொருள் கிடையாது. வைக்கோல்போரில் சாரை, மதகடியில் தண்ணீர்ப்பாம்பு, வேலிச்செடியில் பச்சைப்பாம்பு, வேர்க்கடலைக் கொல்லையில் கண்ணாடி விரியன், ஏரிக்கரைப் புற்றில் நல்ல பாம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. எங்கள் ஊராருக்கு அந்த இடங்கள் தெரியும். ஆனாலும் "பாம்பு!" என்று ஒரு குரல் எழுந்தால் நாலு பக்கமிருந்தும் தடியோடு ஆட்கள் ஓடி வருவார்கள். எந்தப் பாம்பு என்று நின்று பார்க்கும் வழக்கம் இல்லை. அடித்துப் போட்ட பிறகுதான் சாரையா, நாகமா என்ற பேச்சே வரும். நாகமாக இருந்துவிட்டால் பாவம் தீரப் பாலூற்றி எரிப்பார்கள்.

அதே வீட்டுப் பெண்கள் ஆடி வெள்ளியில் புற்றுக்கு மஞ்சள் பூசி, பாலும் முட்டையும் வைத்துக் கும்பிடுவார்கள். பாம்பு பால் குடிக்கும் பிராணி அன்று. எலியும் தவளையும் ஓணானும் பறவை முட்டையும்தான் அதன் இரை. அது யாருக்கும் தெரியாது. கும்பிட்டவர்களும் அடித்தவர்களும் ஒரே குடும்பத்தார். இரண்டுக்கும் அடியில் இருந்தது அச்சம்.

அந்த அச்சத்துக்கு ஊரில் கதைகள் ஏராளம். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரியும் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்கும் என்பார்கள். பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும், மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும், அடிபட்டுத் தப்பிய நாகம் ஆளை அடையாளம் வைத்துப் பழிவாங்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. இவற்றில் கொம்பேறி மூக்கனுக்கும் மண்ணுளிக்கும் விஷமே கிடையாது. பச்சைப்பாம்புக்கு இருக்கும் சிறு விஷம் பல்லியை மயக்கத்தான் உதவும், மனிதரைக் கொல்லாது. இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உண்டு. கடித்து உயிர் போகும் சம்பவங்களில் மிகப் பெரும்பாலானவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கால் நேர்பவை. அந்த நான்கைப் பிரித்தறியாத குறையால் ஊர்தோறும் எலி தின்னும் சாரைகள் செத்தன.

சிறுவயதில் எங்கள் களத்துமேட்டில் இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து, ஆளுயரத்தில் பாதிக்கு எழும்பி ஆடியதைப் பார்த்திருக்கிறேன். சாரையும் நாகமும் சேர்கின்றன என்று சொல்லி யாரோ புதுவேட்டி எடுத்துவர ஓடினார்கள். அந்த வேட்டியை மேலே போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் செல்வம் பெருகும் என்பது நம்பிக்கை. உண்மையில் அவை இரண்டுமே ஆண் சாரைகள். ஒன்றின் தலையை மற்றது தரையில் அழுத்தப் பார்க்கும் பலப்பரீட்சை அது. கடிப்பதில்லை, குத்துவதில்லை, தோற்றது விலகிப் போய்விடும். வேட்டி வருவதற்குள் அவை பிரிந்து கரும்புக்குள் போய்விட்டன. பாம்பை நின்று பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

பாம்பை நின்று பார்த்தவர்கள் எங்கள் பகுதியில் ஏற்கெனவே இருந்தார்கள். இருளர் பழங்குடியினர். கடப்பாரை ஒன்றும் துணிப்பை ஒன்றும்தான் அவர்கள் கருவி. புழுதியில் விழுந்த தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது, போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்வார்கள். உரித்துப் போட்ட சட்டையையும் எச்சத்தையும் வைத்து வளையில் ஆள் இருக்கிறதா என்று கணிப்பார்கள். ஒருமுறை ஏரிக்கரையில் வளை தோண்டிக்கொண்டிருந்த இருளர் பெரியவர் ஒருவரின் பின்னால் போய் நின்றேன். "கிட்ட வராத தம்பி. அது நம்மளப் பாத்துப் பயந்துகினு கெடக்குது. நீ சும்மா நின்னா அதுவும் சும்மா இருக்கும்" என்றார். வெளியே வந்த நாகம் படமெடுத்தது. அவர் அசையவில்லை. சற்று நேரத்தில் படம் தாழ்ந்தது. வாலைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பைக்குள் விட்டார். அதன் மேல் ஒரு கீறல் விழவில்லை.

அவருக்கு முந்திய காலத்தில் அந்தத் திறமை பாம்பின் உயிரை வாங்கவே பயன்பட்டது. தோல் வியாபாரிகள் பாம்புக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள். கைப்பையும் செருப்புமாக அந்தத் தோல் வெளிநாடு போயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் கிண்டியில் பாம்புப் பண்ணையைத் திறந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமைதியாகச் சுருண்டிருக்கும் நாகத்தைச் சென்னைவாசிகள் பயமில்லாமல் பார்க்க முடிந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்பு பிழைத்தது, இருளர் வீட்டு அடுப்பு அணைந்தது. அதற்கு விடையாக 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது.

மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இன்றும் அதைப் பார்க்கலாம். வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் நால்வகைப் பாம்புகளைப் பிடித்து வந்து, துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் வைத்திருப்பார்கள். சில வாரம் விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, மீண்டும் காட்டில் விடுவார்கள். உலர்த்திய அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. நாட்டின் பல மூலைகளில் பாம்புக்கடி பட்டவர்கள் பிழைப்பதில் எங்கள் வட்டாரத்து இருளர்களின் கைக்குப் பங்கு உண்டு. 2017-இல் மலைப்பாம்புகள் பெருகிய அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அவற்றைப் பிடிக்க வரவழைக்கப்பட்ட மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருளர்கள் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அன்று ஊர் எல்லையில் நிறுத்தப்பட்ட ஒரு சமூகத்தின் அறிவுக்கு நாடு காலம் தாழ்த்திச் செய்த மரியாதை அது.

பாம்புக்கடி வைத்தியத்திலும் மாற்றம் பெரிது. அன்று கடிபட்டவரை முதலில் கொண்டுபோகும் இடம் மந்திரிப்பவரின் திண்ணை. கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள், பிளேடால் கீறுவார்கள், வாயால் உறிஞ்சுவார்கள், வேப்பிலையைத் தின்னக் கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்பார்கள். விஷமில்லாத பாம்பு கடித்தவர் எப்படியும் பிழைப்பார். பேர் மந்திரத்துக்குப் போகும். கட்டுவிரியன் கடித்தவர் விடியும்முன் போய்விடுவார். பழி விதிக்குப் போகும். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். வயிற்று வலி, கண்ணிமை கீழே சரிவது, பேச்சுக் குழறல் என்று அறிகுறி மெல்ல வந்து மூச்சு நிற்கும். அதைப் பேய் அடித்ததாகச் சொன்ன வீடுகளை நான் அறிவேன்.

இன்று 108-க்கு அழைத்தால் வண்டி வருகிறது. அரசு மருத்துவமனையில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கிறார்கள். உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அறிந்து விஷமுறிவு மருந்தைத் தொடங்குகிறார்கள். கடித்த பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. நால்வகைக்கும் ஒரே மருந்துதான். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியதால், ஒவ்வொரு கடியும் இனி கணக்கில் வர வேண்டும். இந்தக் கணக்கு அவசியம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். ஏறத்தாழப் பாதிச் சாவுகள் மழைக்காலத்தில் நேர்ந்தவை. 2030-க்குள் இந்தச் சாவைப் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024-இல் செயல்திட்டம் வெளியிட்டிருக்கிறது.

நிலமும் மாறிவிட்டது. நான் சாரைகளைப் பார்த்த களத்துமேடு இன்று மனைப்பிரிவு. கல் நட்ட மனைகளில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. தெருமுனையில் குப்பை சேர்கிறது. குப்பைக்கு எலி வருகிறது. எலிக்குப் பின்னால் பாம்பு வருகிறது. "வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டது" என்று பதறுகிறோம். புற்று இருந்த இடத்தில்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம்.

தடியைத் தேடிய கைகள் இன்று தீயணைப்புத் துறைக்கும் வனத்துறைக்கும் போன் செய்கின்றன. போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் செருப்பு அடுக்கில் நாகம் ஏறியிருந்தது. தீயணைப்பு வீரர்கள் வரும்வரை தெருவே எட்ட நின்று காத்தது. ஒரு பாட்டி கைகூப்பினார், ஒரு சிறுவன் அதன் உணவைப் பற்றி விளக்கினான், யாரும் அடிக்கச் சொல்லவில்லை. அந்தக் காட்சி எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது.

ஆனால் புதிய அவமதிப்பு ஒன்று வளர்கிறது. பிடித்த பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடியோ எடுக்கிறார்கள். படமெடுத்த நாகத்துக்கு முத்தம் கொடுக்கிறார்கள். பயிற்சியும் உபகரணமும் இல்லாமல் பிடிக்கப் போன இளைஞர்கள் கடிபட்டு இறந்த செய்திகள் வந்தபடி இருக்கின்றன. மண்ணுளிக்கு லட்சக்கணக்கில் விலை என்று சொல்லிக் கடத்துகிறார்கள். பழகிய இடத்திலிருந்து வெகுதூரம் கொண்டுபோய் விடப்படும் பாம்பு, ஒதுங்க வளையும் தெரியாமல் அலைந்து சாகிறது. அன்று பாம்பைச் சாமியாகவும் எமனாகவும் பார்த்தோம். இன்று சிலர் அதை விளையாட்டுப் பொருளாகப் பார்க்கிறார்கள். தன் இரையைத் தேடி, தன் உயிரைக் காத்துக்கொண்டு போகும் ஓர் உயிர் என்று பார்ப்பதுதான் சரியான பார்வை. அந்த இருளர் பெரியவரிடம் அது எப்போதோ இருந்தது.

பாம்பு நம்மைத் துரத்துவதில்லை. நாகம் படமெடுப்பதும், கண்ணாடி விரியன் குக்கர் விசில் போலச் சீறுவதும், சுருட்டை விரியன் செதிலை உரசி ஒலி எழுப்புவதும் "விலகிப் போ" என்ற எச்சரிக்கைகள். நம்மைக் கடித்து அதற்கு ஆவது ஒன்றுமில்லை. மிதிபடும்போதும் வழி அடைபடும்போதும்தான் அது கடிக்கிறது.

ஆகவே, பாம்பைக் கண்டால் நின்றுவிடுங்கள். மெதுவாகப் பின்வாங்கி அதற்கு வழி விடுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் எட்ட நின்று கண்காணித்தபடி தீயணைப்புத் துறையை அழையுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், தரையில் படுத்தால் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிப் படுங்கள், வாசலில் குப்பையும் விறகும் சேரவிடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், காலையோ கையையோ அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த நான்கு பாம்புகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுங்கள். மற்ற எல்லாப் பாம்புகளையும் எட்ட நின்று ரசிக்கவும் கற்றுக்கொடுங்கள்.