நாய்களைத் தாக்கும் நோய்களும் உழவர் கவனிக்க வேண்டியவையும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் மோட்டார் கொட்டகைக்கும் மாட்டுத் தொழுவத்திற்கும் பெரும்பாலும் நாய்தான் காவல். கறவை மாடு ஒரு வேளை தீவனம் எடுக்காவிட்டாலும் உடனே கால்நடை மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்கிறோம். நாய் இரண்டு நாள் சோறு தின்னாவிட்டால், தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். நாய்க்கு வரும் சில நோய்கள் மாட்டையும் மனிதரையும் பற்றக்கூடியவை. ஆகவே வீட்டு நாயைக் கவனிப்பது குடும்பத்தைக் காப்பதற்குச் சமம்.

வெறிநோய்

இவற்றுள் மிகக் கொடியது வெறிநோய். நோயுற்ற நாயின் உமிழ்நீரில் உள்ள வைரஸ் கிருமி, கடிவாய் வழியே புகுந்து, நரம்புகளின் வழியாக மூளையைச் சென்று அடைகிறது. இதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். அறிகுறிகள் தோன்றிய பின் இந்நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை.

வெறிநாய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஊமை வெறி கண்ட நாய் அவ்வாறு செய்வதில்லை. இருட்டான மூலையில் ஒதுங்கிப் படுக்கும். கீழ்த்தாடை தொங்கிவிடும், எச்சில் ஒழுகும், தண்ணீரை விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதாகக் கருதி வாய்க்குள் கையை விடுவது உயிருக்கே ஆபத்தாகும். வெறிநோய் கண்ட மாடும் எச்சில் ஒழுக்கி, தீனி விழுங்க முடியாமல், அடித்தொண்டையில் ஓயாமல் கத்தும். அப்போதும் வாய்க்குள் கைவிடாமல், தனியே கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

கடிபட்டால் செய்ய வேண்டியவை

1. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பம்புசெட்டுத் தண்ணீரே போதும். கிருமியில் பெரும்பகுதி இதிலேயே நீங்கிவிடும்.

2. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது.

3. அன்றைய தினமே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்ற அச்சம் வேண்டாம். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அப்பழைய மருந்து 2005-ஆம் ஆண்டிற்குள் நம் நாட்டில் கைவிடப்பட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி கடிபட்ட நாள், 3, 7, 28-ஆம் நாட்களில் புஜத்தில் போடப்படுகிறது. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து செலுத்துவார்கள்.

4. கடித்த நாயைக் கொல்லாமல், கட்டி வைத்து 10 நாட்கள் கவனிக்க வேண்டும். வெறிநோயால் கடித்திருந்தால் அதற்குள் நோய் வெளிப்பட்டு நாய் இறந்துவிடும். ஆனால் அதுவரை காத்திருந்து ஊசி போடலாம் என்று எண்ணுவது தவறு. ஊசியை முதல் நாளே தொடங்கிவிட வேண்டும்.

மாட்டை நாய் கடித்தாலும் காயத்தைக் கழுவி, அன்றே கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும்.

குட்டிகளின் நோய்கள்

குட்டிகள் வாந்தி எடுத்து, துர்நாற்றத்துடன் இரத்தமாகக் கழிந்தால் அது பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய இந்நோயில், உடலின் நீர் வற்றியே குட்டிகள் இறக்கின்றன. தாமதமின்றி நரம்பில் திரவம் ஏற்றினால் பல குட்டிகள் பிழைக்கும். கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிருடன் இருக்குமாதலால், குட்டி இறந்த இடத்தில் உடனே வேறு குட்டியை வளர்க்கக் கூடாது.

உருண்டைப் புழுக்களால் குட்டிகள் வயிறு உப்பி இளைத்துப்போகும். நாயின் மலத்தில் உள்ள புழு முட்டைகள் மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கும் தீங்கு செய்யும். எனவே மருத்துவர் கூறும் அளவில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்து வர வேண்டும்.

உண்ணி

உண்ணிகள் இரத்தத்தைக் குடிப்பதோடு காய்ச்சலையும் பரப்புகின்றன. நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வடிந்தால் உண்ணிக் காய்ச்சல் என்று ஐயுற வேண்டும். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் பூசுவது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. நாய் தன் உடலை நக்குவதால் நஞ்சு உள்ளே சென்று இறந்துவிடும். நாய்க்கென்றே உள்ள மருந்தையே பயன்படுத்த வேண்டும்.

எலி மருந்தும் எலிக்காய்ச்சலும்

நெல் வயலில் வைக்கும் எலி உணவில் எண்ணெயும் கருவாடும் கலப்பதால், அதன் மணம் நாயையும் இழுக்கிறது. ஜிங்க் பாஸ்பைடு வயிற்றில் உள்ள அமிலத்துடன் சேர்ந்து நச்சுவாயுவாக மாறுகிறது. இதற்கு மாற்று மருந்து இல்லை. வயிற்றில் உணவு சேர்ந்தால் அமிலம் மிகுந்து நஞ்சும் கூடும்; எனவே பாலோ சோறோ புகட்டாமல் மருத்துவரிடம் விரைய வேண்டும். வாந்தியிலிருந்தும் அவ்வாயு வெளிவருமாதலால் நாயைக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். புரோமடியோலோன் தின்ற நாய் சில நாட்கள் நலமாகவே தோன்றி, பின்னர் இரத்தம் கசிந்து இறக்கும். இதற்கு வைட்டமின் 'கே' ஊசி உண்டு. எந்த மருந்து என்று அறிய அதன் உறையையும் எடுத்துச் செல்ல வேண்டும். நச்சு உணவை வரப்பின் மேல் வைக்காமல் வளைக்குள் இட்டு மண்ணால் மூடினால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். இறந்த எலிகளைப் புதைத்துவிட வேண்டும்.

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் நாய்க்கு எலிக்காய்ச்சல் வந்து, வாந்தியும் மஞ்சள் காமாலையும் காணும். அந்த நாயின் சிறுநீர் மூலம் நமக்கும் பரவும். காலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர்கள் தேங்கிய நீரில் வெறுங்காலுடன் இறங்கக் கூடாது.

தடுப்பூசி அட்டவணை

பிறந்த 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் முதலியவற்றிற்கான கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் போட வேண்டும். 3-ஆம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், ஒரு மாதம் கழித்து மறு ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஒரு முறையும் அவசியம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். ஆண்டு ஊசிக்கு அந்நாளையே நினைவில் கொள்ளலாம். அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தையோ, குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அணுகலாம். ஊசி போட்ட தேதியை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அத்தேதி தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.