வயிற்றைத் திறந்து பார்த்த காலம்

ஹாட்ஜ்கின் லிம்போமா அபூர்வமான புற்றுநோய். கழுத்தில் வலிக்காத கட்டியாகத் தலைகாட்டும். இளவயதினரை அதிகம் பிடிக்கும். "எந்த ஸ்டேஜ், டாக்டர்?" என்று வீட்டார் கேட்டால், 1970களில் பதில் சொல்வதற்காகவே அந்தப் பிள்ளையின் வயிற்றைத் திறந்தார்கள்.

நிலைகளை 1971இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் வகுத்தார்கள். நிணநீர் முடிச்சுகள் ஒரே இடத்தில் வீங்கியிருந்தால் முதல் நிலை. உதரவிதானத்துக்கு ஒரே பக்கத்தில் பல இடங்கள் என்றால் இரண்டு. மேலும் கீழும் என்றால் மூன்று. எலும்பு மஜ்ஜை, ஈரல் என்று பரவியிருந்தால் நான்கு.

கழுத்தைத் தொட்டுப் பார்க்கலாம். வயிற்றுக்குள்? சி.டி. ஸ்கேன் இன்னும் பரவாத காலம். கால்விரல் இடுக்கில் நீலச் சாயத்தைச் செலுத்தி, நூல் போன்ற நிணநீர்க் குழாயைத் தேடிப்பிடித்து, அதில் எண்ணெய் மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். மண்ணீரலுக்குள் ஒளிந்திருந்த நோய் அதிலும் தெரியாது. ஆகவே ஸ்டான்ஃபோர்டில் தொடங்கி எங்கும் அறுவை சிகிச்சை: மண்ணீரலை முழுதாக எடுப்பார்கள், ஈரலில் துண்டு வெட்டுவார்கள். இளம்பெண்களுக்குப் பின்னர் தரும் கதிர்வீச்சுச் சிகிச்சை படாதிருக்கச் சினைப்பைகளை நகர்த்தித் தைப்பார்கள். அந்த அறுவை சிகிச்சையே நோய் எங்கே இருக்கிறது என்று அறிவதற்குத்தான்! அதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதிர்வீச்சு, பட்ட இடத்தில்தான் குணமாக்கும். ஒளிந்திருந்த ஒரு முடிச்சைத் தவறவிட்டால் நோய் திரும்பும்.

இன்று சில மணி நேரப் பட்டினி, கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் ஊசி, ஒரு மணி நேர ஓய்வு, பிறகு பெட்-சி.டி. ஸ்கேன். நோயுள்ள இடங்கள் குளுக்கோஸை உறிஞ்சி ஒளிரும். 2014இல் வெளியான லுகானோ வகைப்பாட்டின்படி, பெட் எடுத்தவருக்குப் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில் ஊசி குத்தவும் வேண்டியதில்லை. கட்டியை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி மட்டும் அன்றும் இன்றும் கட்டாயம்.

கத்தியைக் கீழே வைக்கச் செய்தது ஸ்கேன் மட்டுமல்ல என்பதுதான் எனக்கு முக்கியம். பெட் பரவலாவதற்கு முன்பே அந்த அறுவை சிகிச்சை மறையத் தொடங்கிவிட்டது. இரத்தத்தோடு ஓடும் கீமோதெரபி, மருத்துவர் கண்ணுக்குத் தப்பிய முடிச்சையும் தொடும். வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பிழைக்கவில்லை என்று ஐரோப்பிய ஆய்வொன்று 1993இல் காட்டியது.

அன்று மண்ணீரலை இழந்து பிழைத்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். கிருமித்தொற்று அவர்களைச் சில மணி நேரத்தில் சாய்த்துவிடக்கூடும். நியூமோகாக்கல் தடுப்பூசி அவர்களுக்கு அவசியம். காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.